ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கவும்

நானும் புவனேஸ்வரியும் கடைசியாகச் சும்மா உட்கார்ந்து பார்த்தது ஒரு உருளைக்கிழங்கை.

பங்குனியில் பழநிக்கு நடக்கக் கிளம்பியதற்கு முந்தின நாள் சாயங்காலம் அது. நாகல் நகர் வீட்டு அடுப்படி மேடையில் ஒரு கண்ணாடிக் கிண்ணம், அதில் பாதித் தண்ணீர், தண்ணீருக்குள் தோல் சீவி நடுவில் குடைந்த கிழங்கு. குழிக்குள் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, கரைசல் நின்ற மட்டத்தில் ஒரு குண்டூசி குத்தியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் நான் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடமாகப் பதினோராம் வகுப்புக்கு இந்தக் கிழங்கைக் குடைந்து கொடுப்பது என் வேலை. போன தடவை அடிப்பக்கம் மெலிந்துபோய் ஒழுகிவிட்டது. "மோகன்குமார் சார், உங்க கிழங்குக்குச் சளி பிடிச்சிருக்கு" என்று பாஸிலா டீச்சர் பிள்ளைகள் முன்னால் சொல்லிவிட்டார். அந்த ரோஷத்தில் வீட்டில் ஒன்று செய்து பார்த்தேன்.

"வெஞ்சனத்துக்கு வச்ச கிழங்குல என்னங்க குழி தோண்டுறீங்க?" என்றாள் புவனா.

"செத்த நேரம் பொறு. உள்ள தண்ணி மேல ஏறும்."

"சர்க்கரைய வேற அள்ளிப் போட்டிருக்கீங்க."

"உப்புலயும் பண்ணலாம். நீதான் டப்பாவக் கட்டிப் பரண்ல வச்சிட்டியே."

அவளுக்கு அப்போது உப்பில்லா விரதம். இருபத்தோரு நாள். விரதம் தொடங்கிய அன்று உப்பு டப்பாவை மஞ்சள் துணியில் கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டு, பரண்மேல் ஏற்றிவிட்டாள். வீட்டில் எனக்கும் உப்பில்லாச் சோறுதான். நான் பள்ளிக்கு எதிர்க்கடையில் வடை தின்று சமாளித்தேன். அது அவளுக்குத் தெரியும் என்பதும் எனக்குத் தெரியும்.

முக்கால் மணி நேரத்தில் குழிக்குள் இருந்த கரைசல் குண்டூசியைத் தாண்டி மேலே வந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"யாரு தள்ளி விடுறா தண்ணிய?"

"யாரும் தள்ளல. கிழங்கு அம்புட்டும் சின்னச் சின்ன அறை. செல்லுன்னு சொல்லுவாங்க. ஒவ்வொண்ணுக்கும் மெல்லிசா ஒரு சவ்வு. அது தண்ணிய விடும். உப்பையும் சர்க்கரையையும் லேசுல விடாது. எந்தப் பக்கம் உப்போ சர்க்கரையோ கூட இருக்கோ, அந்தப் பக்கம் தண்ணி போயிரும்."

"பரவால்லயே. கிழங்குத் தோலுக்கு ஆள் பாத்து உள்ள விடத் தெரியுது. நம்ம வீட்டுக் கேட்டுக்குத் தெரியல. உங்க தங்கச்சி மாசத்துக்கு மூணு தடவ வாரா."

குண்டூசியைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டு, கிழங்கை அலசி, குழி போக மிச்சத்தை நறுக்கி ராத்திரிக் கூட்டில் போட்டுவிட்டாள். உப்பில்லாத கூட்டு. 

இதை நான் எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். அந்தப் பாடத்தை நான் என் வாயால் சொன்னேன். நடையின் இரண்டாம் நாள் மத்தியானம் என் கையால் அவளுக்குத் தண்ணீர் ஊற்றினேன், மறுபடி மறுபடி ஊற்றினேன். அதனால்தான் அவள் போனாளா என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததை என் மகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் பதினெட்டு நாள் இருந்தேன்.

வேண்டுதல் மகளுக்காக. தமிழ்மதி கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். போன ஐப்பசியில் அவளுக்கு டெங்கு. தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போய், ஒருநாள் பதினெட்டாயிரம் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று புவனா பழநி இருக்கும் திசை எது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, சும்மா ஒரு பக்கம் கையைக் காட்டினேன். அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் எண்ணிக்கை ஏறியது. பங்குனியில் உப்பில்லா விரதம் இருந்து நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டதை அதற்கப்புறம்தான் எங்களிடம் சொன்னாள்.

அவளுக்கு இரண்டு வருடமாக ரத்தக் கொதிப்பு. காலையில் ஒரு மாத்திரை. அதைப் போட்டால் சிறுநீர் அதிகம் போகும். சிறுநீரோடு உப்பும் போகும் என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். "கொதிப்புக்கு உப்புக் குறைக்கச் சொல்றாங்க, சாமிக்கு உப்பே வேணாம்னு இருக்கேன். ரெண்டும் ஒரே கணக்குதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது.

விடிகாலையில் கிளம்பினோம். புவனாவின் அக்கா சொர்ணலட்சுமி மதினி சின்னாளபட்டியிலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். நான் பள்ளி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஓ.ஆர்.எஸ். உப்புத் தூள் பாக்கெட் இரண்டு எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. புவனாதான் என் பையில் கைவிட்டு ஒரு பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்து, பாட்டிலில் போட்டுக் குலுக்கிக் கொடுத்தாள்.

"குடிங்க. உங்களுக்கு விரதம் இல்லைல்ல."

"நீயும் ஒரு வாய்..."

"வடை தின்னவரு குடிங்க. எனக்குத் தண்ணி போதும்."

மதினி ரோட்டிலேயே நின்று சிரித்தார்.

தண்ணீருக்குக் குறைவே இல்லை. ரோடு நெடுகப் பந்தல். யாரோ அவரவர் வேண்டுதலுக்கு டிரம்மில் தண்ணீரும் பானையில் மோரும் வைத்திருந்தார்கள். மோர் எல்லாவற்றிலும் உப்பு. ஒட்டன்சத்திரத்தில் தங்கி, மறுநாள் காலையில் கிளம்பியபோது ஊர் எல்லையில் ஒரு அம்மா டம்ளரோடு குறுக்கே வந்தார்.

"ஏனுங்க, மோர் குடிச்சுட்டுப் போங்க."

"உப்புப் போட்டதாக்கா?"

"போடாம எப்படிங்க? இந்த வெயிலுக்கு உப்பு வேணுமுங்களே."

"அப்ப வெறுந்தண்ணி குடுங்க."

இரண்டு டம்ளர் குடித்தாள். அந்த அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்து, அதோடு சரி.

நான் எத்தனை பாட்டில் நிரப்பினேன் என்று பிற்பாடு ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். முதல் நாள் ஐந்து என்றேன். ஆறாக இருக்கலாம். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் மூன்று. டம்ளரில் குடித்தது தனி. அவள் கேட்டது பாதி, நான் கொடுத்தது பாதி. வெயிலில் நடக்கிறவளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாருக்காவது தோன்றுமா? பத்தடிக்கு ஒரு தரம் "குடி, குடி" என்றேன். அதுதான் அக்கறை என்று நினைத்தேன்.

விருப்பாட்சிக்குச் சற்று முன்னால் தலைவலிக்கிறது என்றாள். மோதிரம் இறுகுகிறது என்று விரலைக் காட்டினாள். விரல் தடித்திருந்தது. "கையத் தொங்கப் போட்டு நடந்தா வீங்கும்டி" என்றார் மதினி. ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். அங்கே நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் அது வேறு மாதிரி வருகிறது.

நான் இரண்டாவது பாக்கெட்டை எடுத்தேன்.

"இதக் கரைச்சுத் தரட்டா?"

"அதுல உப்பு இருக்குல்ல?"

"மருந்துதான புவனா."

"மருந்துன்னு சொல்லிச் சாமிய ஏமாத்தவா? இன்னும் ஒரு பொழுதுங்க. நாளைக்கு மலையேறி எறங்கி, உங்க கடை வடையவே திங்கிறேன்."

பாக்கெட்டைப் பைக்குள் வைத்தேன். வெறுந்தண்ணீரைக் கொடுத்தேன். முக்கால் பாட்டில் குடித்தாள்.

அதே மரத்தடியில் அவள் இன்னொன்றும் கேட்டாள். "மதி டியூசன்லருந்து வந்துட்டாளா?" மதி டியூசன் போய்ப் பத்து வருடம் ஆகிறது. நான் தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். மதினி, "வெயில் கிறுக்கு. தண்ணியக் குடுங்க தம்பி" என்றார்.

இதில் எது முன்னால், எது பின்னால்? வடை பேச்சு முதலில் என்றால், அவள் தெளிவாக இருந்துதான் வேண்டாம் என்றாள், நான் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டேன். டியூசன் பேச்சு முதலில் என்றால், புத்தி கலங்க ஆரம்பித்துவிட்ட ஒருத்தியிடம் நான் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். சில நாள் காலையில் வடை முதலில் என்று உறுதியாகத் தெரிகிறது. பல் விளக்குவதற்குள் மாறிவிடுகிறது. மதினியைக் கேட்டேன். "ரெண்டும் சொன்னா தம்பி" என்றார்.

சத்திரப்பட்டியில் வாந்தி எடுத்தாள். அவ்வளவும் தண்ணீர். வாய் கொப்பளிக்க வைத்து மறுபடி தண்ணீர் கொடுத்தோம். என்னைப் பார்த்து, "சார், நாகல் நகர் பஸ் இங்க நிக்குமா?" என்று கேட்டாள். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதில்லை. கேலி செய்கிறாள் என்றே அந்த நொடியில் நினைத்துச் சிரித்தேன். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் வலிப்பு வந்தது. பந்தல்காரர்கள் 108-க்குப் போன் செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்தார்.

"சோடியம் நூத்தியெட்டுதான் இருக்கு. நூத்தி முப்பத்தஞ்சுக்கு மேல இருக்கணும். உப்பே சாப்பிடலையா?"

"விரதம் மேடம்."

"மாத்திரை ஏதாவது?"

சொன்னேன். அதைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "ரத்தத்துல உப்புக் கொறஞ்சு தண்ணி கூடிருச்சு. செல்லுக்குள்ள உப்பு, மத்ததெல்லாம் அப்படியே இருக்கு. அதனால தண்ணி செல்லுக்குள்ள போகும். செல் வீங்கும். கை கால்ல வீங்கினாத் தாங்கும். மூளைக்குச் சுத்தி மண்டை ஓடு. வீங்க எடம் இல்ல."

"தெரியும் மேடம்" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"உருளைக்கிழங்கு" என்றேன். அவர் என்னையும் ஒரு நோயாளி மாதிரி பார்த்தார்.

உப்பு அதிகமுள்ள மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மடமடவென்று ஏற்றக் கூடாதாம், அதுவும் மூளையைக் கெடுக்குமாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குப் புவனா போய்விட்டாள். அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து மதி வந்து சேர்ந்திருந்தாள். அம்மா கண் திறந்து அவளைப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்முன் அந்த டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "ஒரு ஓ.ஆர்.எஸ். கரைச்சுக் குடுத்திருந்தா மேடம்?"

"சொல்ல முடியாது சார். அதுவும் ஒரு லிட்டர் தண்ணிதான. மாத்திரை வேற இருக்கு. ஆனா வெறுந்தண்ணிக்கு..." என்று நிறுத்தினார். யாரோ கூப்பிட்டார்கள். வாக்கியத்தை முடிக்காமலே போனார். அதை நான்தான் முடிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி முடித்தேன்.

காரியம் முடிகிற வரை வீட்டில் கூட்டம். சாப்பாடு சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வந்தது. வெயில் அடித்துவிட்டது என்றார்கள் பாதிப் பேர். விரதத்தில் ஏதோ குறை என்றார்கள் பாதிப் பேர். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மதி மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்காகத்தான நடந்தா. எனக்குக் காய்ச்சல் வராம இருந்திருந்தா அவ வீட்டுல இருந்திருப்பா." யார் தேற்றினாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு அதையே திரும்பச் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், மதி துவைக்கத் துணிகளைப் பிரித்தபோது என் சட்டைப் பையிலிருந்து அந்தப் பாக்கெட் விழுந்தது. பிரிக்காதது.

"இது எப்பப்பா வாங்குனது?"

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க" என்றேன்.

யோசிக்காமலே வந்துவிட்டது. அவள் அதை அலமாரியில் வைத்தாள். இருபத்திரண்டு வருடமாக ஆய்வகத்தில் ஒரு பீக்கர் உடைந்தால்கூட, நான்தான் உடைத்தேன் என்று பதிவேட்டில் எழுதிப் பழகியவன் நான்.

மறுநாள் பள்ளிக்குப் போனேன். விலங்கியல் புத்தகத்தைப் பாஸிலா டீச்சரிடம் வாங்கி, ஆய்வகத்தில் உட்கார்ந்து படித்தேன். செல் சவ்வில் சில புரதங்கள் வாசல் மாதிரி இருக்கின்றன. சில புரதங்கள் உள்ளே வந்துவிட்ட சோடியத்தை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன, அதற்காகவே சக்தியைச் செலவழிக்கின்றன. அன்றைக்குப் புவனா சொன்னதை நான் திருத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது. சவ்வு ஆள் பார்த்து விடுவதில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு உப்பு, அவ்வளவுதான் அங்கே விஷயம். விரதமா, மறதியா, கொடுத்தது புருஷனா, பந்தல்காரரா என்று தண்ணீருக்கு என்ன தெரியும்? இது ஆறுதலா, இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. டீச்சர் வந்து, "வீட்டுக்குப் போங்க சார், பிராக்டிகல நான் பாத்துக்கிறேன்" என்றார்.

பதினெட்டாம் நாள் மதினி வந்தார். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்து முடித்தபின் சொன்னார்.

"சத்திரப்பட்டியோட நின்னுபோச்சு வேண்டுதல். பாதியில நிக்கக் கூடாது. பெத்தவ விட்டத மக முடிச்சிரணும்."

"முடிக்கிறேன் பெரியம்மா" என்றாள் மதி உடனே. காத்திருந்த மாதிரி. "அம்மா இருந்த மாதிரியே இருபத்தோரு நாள் இருந்துட்டு, சத்திரப்பட்டியிலருந்து நடக்கிறேன்."

"வைகாசில போகலாம்."

"வைகாசி வெயிலு" என்றேன்.

"அம்மாவும் வெயில்லதானப்பா நடந்தா" என்றாள் மதி.

மதினி போனார். அன்று மத்தியானம் மதி எனக்கு இலை போட்டாள். சோறு, பருப்பு, கத்திரிக்காய். முதல் வாயிலேயே தெரிந்தது. எதிலும் உப்பில்லை. அவளும் எதிரே உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் பெரிய செம்பில் தண்ணீர். ஒரு வாய்ச் சோறு, ஒரு மடக்குத் தண்ணீர்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்து வந்து அவள் இலைப் பக்கத்தில் வைத்தேன்.

"இது ஆஸ்பத்திரில குடுத்தது இல்ல மதி."

அவள் நிமிர்ந்தாள்.

"நான் கொண்டுபோனது. ரெண்டு. ஒண்ண நான் குடிச்சேன். அம்மாதான் கரைச்சுக் குடுத்தா. இத அவளுக்குக் கரைக்கல. பையிலயே வச்சிருந்தேன். வெறுந்தண்ணியக் குடுத்தேன்."

"எம்புட்டு?"

"எட்டுப் பாட்டில். ஒன்பதும் இருக்கும். பந்தல்ல குடிச்சது போக."

மதி பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா வேணாம்னாளா?"

"வேணாம்னா."

"அப்பத் தெளிவா இருந்தாளா?"

நான் பயந்த கேள்வி அதுதான். இருந்தாள் என்று சொன்னால் நான் தப்பித்துக்கொள்வேன். இல்லை என்று சொன்னால் தண்டனையாவது கிடைக்கும். இரண்டில் ஒன்றைச் சொல்ல அவ்வளவு ஆசையாக இருந்தது.

"தெரியல மதி. நெசமாத் தெரியல. டியூசன்லருந்து நீ வந்துட்டியான்னு கேட்டா. அது முன்னாடியா பின்னாடியான்னு எனக்குப் பிடிபடல."

"நான் டியூசனா?"

"ஆமா."

அவள் முகம் என்னவோ ஆனது. அழுகிறாளா, சிரிக்க வருகிறதா என்று பார்க்க என்னால் முடியவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னேன். "உனக்குக் காய்ச்சல் வந்ததால அவ போகல. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீ அதையே சொல்லிட்டு இருந்தப்ப, கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

மதி எழுந்து கை கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. கோயம்புத்தூருக்கே போய்விட்டாளோ என்று நினைத்தேன். பர்ஸ் மேசையில் இருந்தது, போன் இல்லை. அரை மணி நேரம் அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

தெருமுனைக் கடையிலிருந்து ஒரு உப்புப் பாக்கெட்டோடு திரும்பி வந்தாள். பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைத் துடைத்து அதில் கொட்டினாள். என் இலையில் ஒரு ஓரத்தில் கொஞ்சம் வைத்தாள். அவள் இலையிலும் வைத்தாள். ஆறிப்போன சோற்றைப் பிசைந்து தின்றோம். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன், அதுவும் உறுதியில்லை.

வைகாசியில் சத்திரப்பட்டியிலிருந்து நடந்தாள். நானும் கூடப் போனேன். விரதம் இல்லாமல் நடந்தால் வேண்டுதல் முடிந்ததாகுமா என்று மதினி கேட்டார். ஆயக்குடிப் பக்கம் நிழலில் நின்று, தோள்பையிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துக் கிழித்து ஒரு லிட்டர் பாட்டிலில் கரைத்தாள். பாதியை அவள் குடித்தாள், மீதியை என்னிடம் நீட்டினாள். அதன் ருசி கண்ணீர் மாதிரி இருக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். எனக்கு அப்படியெல்லாம் தோன்றவில்லை. லேசான இனிப்பு, லேசான உப்பு.

வீட்டில் இப்போதும் சமையலுக்கு அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் உப்புதான். தீர்ந்தால் கடையில் வாங்கி அதையே நிரப்புகிறோம். புவனாவின் டப்பா பரண்மேல் இருக்கிறது. மஞ்சள் துணியில் அவள் போட்ட இரட்டை முடிச்சு.